மணி வைக்காத கொலுசு

கேட்டின் கொண்டியைச் சத்தம் வராமல் போடுகிறேன். போட்ட பிறகுதான் யாருக்காக என்று மனசு கேட்கிறது. தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று எல்லா அம்மாமாரும் செய்கிற காரியம், இந்த எட்டு மாதத்தில் என் கைக்கும் பழகிவிட்டது, கைக்கு இன்னும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. உள்ளே பூரணி தூங்குகிறாள். பக்கத்தில் பாயில் அவள் அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமை அவருக்கு அரைநாள்தான் ஆபீஸ். “போய்ட்டு வா வடிவு, எத்தனை நாளைக்குத்தான் இந்த நாலு செவத்துக்குள்ளயே கெடப்ப? பிலோமி நாகர்கோவில்ல இருந்து உன்னப் பாக்கத்தானே வாரா. லைப்ரரி புஸ்தகத்தை மாத்திட்டு, ரெண்டு பேருமா மார்க்கெட்டுல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. எம் மவ எங்கிட்ட இருப்பா. முழிச்சாலும் எங்குரலைக் கேட்டாப் போதும், அழ மாட்டா.” அந்தக் கடைசி வார்த்தை செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி கூடவே வருகிறது. எடுத்துப் போட நின்றால் திரும்பிப் போய்விடுவேன். திரும்பிப் போனால், என்னத்த மறந்த, என்பார். நான் எதையும் மறக்கவில்லை. என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. கேட்கவில்லை என்று நினைக்கிறேன். இதை இப்படி முழு வாக்கியமாக மனசுக்குள்கூட இதுவரை சொன்னதில்லை. காது என்றதும் மனசு சட்டென்று கம்மல், தொங்கட்டான், காதுகுத்து என்று வேறு தெருவுக்குள் புகுந்துவிடும். காதுகுத்தின அன்றைக்கு வீறிட்டு அழுதாள். ஊசிக்கு அழுதாள். பக்கத்தில் மேளக்காரர் தவிலை அந்த அடி அடித்துக்கொண்டிருந்தார், அதற்கு அழவில்லை. இல்லை, அதற்கும் சேர்த்து அழுதிருக்கலாம், யார் பிரித்துச் சொல்ல முடியும். அவள் அப்பா வாசலில் நின்று “பூரணீ” என்று கூப்பிடும்போதெல்லாம் நான் அவள் முகத்துக்கு எதிரே இருப்பேன். என் கண்ணை மெல்ல வாசல் பக்கம் திருப்புவேன். என் கண் போகிற இடத்துக்கு அவள் கண்ணும் போகும், பிறகு தலை போகும், அப்பாவைப் பார்த்துச் சிரிப்பாள். “பாத்தியா, எங்குரல்னா எப்படித் திரும்புதா!” முதல் தடவை தற்செயல். இரண்டாம் தடவை தற்செயல் இல்லை. இப்போது என் கண் இல்லாமல் அவர்கள் இரண்டு பேரும் வீட்டில் தனியாக இருக்கிறார்கள், நான் கையில் ஒயர் கூடையோடு புஸ்தகம் மாற்றப் போய்க்கொண்டிருக்கிறேன்.

வெயில் இறங்கிவிட்டது, ஆனாலும் ரோட்டுத் தார் செருப்பைப் பிடித்து இழுக்கிறது. கேசட் கடையில் போன மாதப் படத்துப் பாட்டு அலறுகிறது, மோர்க்காரி கத்துகிறாள், பால்காரர் சைக்கிள் பெல்லை விடாமல் அடித்துக்கொண்டே போகிறார், முன்னெல்லாம் இது எதுவும் எனக்குக் காதில் விழுந்ததே இல்லை, இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து என்னைத் தொட்டுவிட்டுப் போகிறது. இதில் எத்தனை அவளுக்கு இல்லாமல் போகும் என்று எண்ணிப் பார்க்கிற பழக்கம் எப்படியோ வந்துவிட்டது, எண்ணாதே என்று சொல்லிக்கொண்டே எண்ணுகிறேன். தீபாவளிக்கு எதிர்வீட்டுப் பையன்கள் எங்கள் ஜன்னலுக்குக் கீழே அணுகுண்டு வைத்தார்கள். தெருவில் இருந்த கைப்பிள்ளைகள் எல்லாம் வீல் என்று அலறின. பூரணி என் மடியில் உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கினாள். எதிர்வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்து, “என்ன தைரியமான பிள்ளை! கலெக்டரா வருவா பாரு” என்றாள். அவருக்கு அப்படி ஒரு பெருமை, ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் அவர் போனதும் எவர்சில்வர் சம்படத்து மூடியை அவள் முதுகுக்குப் பின்னால் போட்டேன். திரும்பினாள். திரும்பினாள்! அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படி அழுதேன், சிரித்தேன், என் முட்டாள்தனத்துக்காகச் சாமிக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். சாயங்காலம் அதே மூடியை மெத்தைமேல் வைத்துக் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. தரையில் விழுந்தபோது தரை அதிர்ந்திருக்கும், அதைத்தான் அவள் உடம்பு கேட்டிருக்கும். பிறகு ஒருநாள் ஜன்னல்பக்கம் காக்கா கத்தினபோது திரும்பினாள். காக்காவின் நிழலா, சத்தமா. அந்தக் காக்காவை இன்றுவரை பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். நேரே போனால் கடைத்தெரு கிட்டத்தான், ஆனால் அந்த ரோட்டில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்து மதில் இருக்கிறது. கான்வென்ட் ஹாஸ்டலில் இருந்து படித்த காலத்தில் நானும் பிலோமியும் தினமும் அந்த மதிலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவோம், பஸ் ஸ்டாப்பில் அந்தப் பிள்ளைகளின் விரல்கள் பறப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்போம். இப்போது பிள்ளையார் கோவில் சந்துக்குள் புகுந்து, சாக்கடையைத் தாண்டி, சுற்றிப் போகிறேன். ஒரு மதிலைப் பார்த்தால் என்ன ஆகிவிடப்போகிறது. ஒன்றும் ஆகாது. சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டுகிறேன்.

வாடகைப் புஸ்தகக் கடை வாசலில் பிலோமி நிற்கிறாள். அவள் சிரிப்புதான் முதலில் வருகிறது, ஆள் பிறகுதான் வருவாள், ஹாஸ்டலிலும் அப்படித்தான். “ஏட்டி வடிவு! என்னட்டி இப்படிக் காஞ்ச கருவாடா நிக்க? பிள்ள உன்னய உறிஞ்சிட்டாளா?” என்று நடுரோட்டில் கட்டிப் பிடிக்கிறாள். பேங்க் வேலை அவளைச் சதை போட வைத்திருக்கிறது, கழுத்தில் அதே சின்னச் சிலுவை. “பிள்ளையக் கொண்டு வரலியா? அவளப் பாக்கத்தானட்டி பஸ் ஏறி வந்தேன்.” தூங்குகிறாள், வெயில், சளி பிடித்திருக்கிறது என்று மூன்று காரணத்தை ஒரே மூச்சில் சொல்கிறேன். ஒரு காரணம் போதும் என்று சொன்ன பிறகு தெரிகிறது. கடைக்குள் கல்லாவில் ராசையா அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “வாங்க தாயி, போன வாரப் புஸ்தகம் எப்படி இருந்துச்சு?” என்கிறார். அதில் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. முன்னெல்லாம் சனிக்கிழமை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், குழம்பு கொதிக்கக் கொதிக்க நின்றுகொண்டே படிப்பேன், அடிப்பிடித்த வாசனைதான் என்னை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும். இப்போது ஒரு வரி படித்தால் அதற்குள் அவள் தொட்டில் பக்கம் கண் போய்விடுகிறது, திரும்பி வந்தால் அதே வரி. “நல்லா இருந்துச்சு அண்ணாச்சி. கடைசில எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருதாங்க” என்கிறேன். “கண்டுபிடிக்காங்களா? அது குடும்பக் கதைல்லா தாயி, அதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?” பிலோமி குலுங்கிச் சிரிக்கிறாள். “அவ படிக்காமலே பரீட்சை எழுதுவா அண்ணாச்சி, நீங்க பாத்ததில்லையே.” எனக்கும் சிரிப்பு வருகிறது, நிஜமாகவே வருகிறது, ஒரு நிமிஷம் பழைய புஸ்தகங்களின் மக்கிய வாசனையும் அவள் தோள் என் தோளில் இடிப்பதும் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. இது போதும், இப்படியே நின்றுவிடலாம். அலமாரியில் அட்டை கிழிந்தவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், ஒன்றில் யாரோ மஞ்சள் கறை விட்டிருக்கிறார்கள், அவளும் சமைத்துக்கொண்டே படித்திருப்பாள், அவள் பிள்ளை பக்கத்து அறையிலிருந்து அம்மா என்று கூப்பிட்டிருக்கும். பூரணி இதுவரை ‘ம்மா’ என்றதில்லை. நாலாம் மாதம் என்னென்னவோ சத்தம் போட்டாள், இப்போது குறைந்துவிட்டது. இந்நேரம் எழுந்திருப்பாளா. எழுந்தால் முதலில் என் முகத்தைத் தேடுவாள். அவர் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டே “இருக்கேண்டா, அப்பா இருக்கேண்டா” என்பார். அவள் நிறுத்தாமல் அழுவாள். அவர் ஒருநாளும் யோசிக்காத ஒன்றை அப்போது யோசித்துவிட்டால்?

“என்னட்டி, எந்த லோகத்துல இருக்க?” கையில் கிடைத்த இரண்டு புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், எதை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. மார்க்கெட் வாசலில் வெங்காயச் சருகு காலில் மிதிபடுகிறது. பிலோமிக்கு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் பேரம் பேச வேண்டும், வாங்காத சுரைக்காய்க்குக்கூடப் பேரம் பேசுவாள். “ஏம்மா, இது சுரைக்காயா, தம்புராவா?” “வாசிச்சுப் பாருங்க, வாசிச்சா வாங்கிக்கிடுங்க” என்கிறாள் கடைக்காரி. இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கி எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று அங்கேயே நின்று வைத்துவிடுகிறாள், ஊசி இல்லாமல் என் பின்னலில் செருகுகிற அந்த விரல் ஹாஸ்டல் விரல். சிஸ்டர் ஒலிவியா பூ வைக்க விட மாட்டார். பேசவும் விட மாட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்டடி, அந்த நீள ஹாலில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது, கேட்டால் முட்டி போட்டு ஜெபமாலை. நானும் பிலோமியும் எதிரெதிர் பெஞ்சு. முதலில் பசிக்கி, தூக்கம் வருது என்று உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தோம். ஒரு வருஷத்தில் ஒரு சினிமாக் கதையை முழுசாகச் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டோம், தொண்டையிலிருந்து ஒரு நூல் சத்தம் வராது. பத்தாம் வகுப்பில் அவள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தாள். உவரியில் அவள் அப்பா கடலுக்குப் போய்க் கரைக்கு வராத விஷயத்தை அவள் யாரிடமும் பேசவில்லை, சிஸ்டர் கேட்டதற்கும் பேசவில்லை. ஸ்டடியில் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். படகு மட்டும் வந்துட்டு. பிறகு கேட்டேன், ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று. “சத்தமாச் சொன்னா நெசமாயிருமேட்டி” என்றாள். அதை எத்தனையோ வருஷமாக நினைத்ததில்லை, தக்காளி பொறுக்கும்போது எங்கிருந்தோ வந்து நிற்கிறது. நான் பொறுக்கிய தக்காளி எல்லாம் காய். பிலோமி ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிக் கூடையில் போட்டுவிட்டு வேறு பொறுக்குகிறாள், என் முகத்தைப் பார்க்காமல், “வீட்ல தாணு அத்தான் எப்படி இருக்காரு? சண்ட கிண்ட உண்டா?” என்கிறாள். “சண்டையா! பிள்ளைக்குத் தெனமும் பாட்டுப் பாடுதாரு” என்கிறேன். “அய்யோ பாவம், அவர் தொண்டைக்கு அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு?” சிரிக்க வேண்டிய இடம். அவர் பாடும்போது பூரணி அவர் நெஞ்சில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொள்வாள், உள்ளங்கையை அவர் தொண்டையில் வைத்துக்கொள்வாள், நிறுத்தினால் சிணுங்குவாள். “பாட்டுன்னா உசிரு எம் பிள்ளைக்கு” என்பார். அவர் தொண்டையில் துடிக்கிற அந்தத் துடிப்பைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியுமா. தெரியும். சிரித்துவிட்டேனா என்று தெரியவில்லை, பிலோமி மறுபடி என்னைப் பார்க்கிறாள்.

“நேரமாச்சு, போவமா” என்கிறேன். “எங்க போவ? பேர் வைக்கும்போதும் வரல, காதுகுத்துக்கும் லீவு தரல. இன்னிக்கு அவளுக்கு ஒண்ணு வாங்காமப் போனா நான் பிலோமினா இல்ல.” கையைப் பிடித்து வெள்ளிக் கடைக்குள் இழுத்துப் போகிறாள். சின்னக் கடை, கண்ணாடிப் பெட்டிக்குள் ரோஸ் தாளில் கொலுசுகள். எட்டு மாதப் பிள்ளை என்றதும் கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து விரலில் தொங்கவிட்டு ஆட்டுகிறார். பிலோமி அதைப் பிடுங்கி என் காதோரம் வைத்துக் குலுக்குகிறாள். எல்லா மணியும் என் தலைக்குள் கொட்டுகிற மாதிரி இருக்கிறது. “எப்படி? அத்தான் பாட்டை விட நல்லா இருக்கா?” இன்னும் நாலு மாதத்தில் நடப்பாள். இதைப் போட்டுக்கொண்டு நடப்பாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் முதல் அடி வைத்ததும் சத்தம் கேட்டு நின்று, குனிந்து காலைப் பார்த்து, வேண்டுமென்றே உதைத்து உதைத்து நடக்கும், நான் பார்த்திருக்கிறேன், நடை பழகுவதே அந்தச் சத்தத்துக்காகத்தான் என்பது மாதிரி. இவள் குனிய மாட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது குனிய மாட்டாள். “மணி வைக்காத கொலுசு இருக்கா அண்ணாச்சி?” என் குரல்தான் கேட்கிறது. கடைக்காரர் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். “கைப்பிள்ளைக்கா? மணி இல்லாமயா? யாரும்மா வாங்குவா? அப்படிச் செய்யுறதே கெடையாது. பெரிய பிள்ளைக, ஆபீஸ் போற பிள்ளைக கேட்பாங்க.” “ஏட்டி, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?” என்கிறாள் பிலோமி. “மணி பிள்ளைக்கா? உனக்குட்டி. நீ அடுப்படியில புஸ்தகமும் கையுமா நிப்ப, அவ தவழ்ந்து கெணத்துப் பக்கம் போனா உனக்குத் தெரியாண்டாமா?” அவள் சொல்லி முடித்த பிறகும் அந்தக் கொலுசு அவள் கையில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கேட்க. பிள்ளை எங்கே போகிறாள் என்று எனக்குக் கேட்க. இந்தப் பக்கத்திலிருந்து நான் யோசிக்கவே இல்லை. இப்போது வாயைத் திறந்தால் தீபாவளி, சம்படத்து மூடி, காக்கா எல்லாம் இந்தக் கண்ணாடிப் பெட்டிமேல் கொட்டிவிடும், கடைக்காரர் பார்ப்பார், பின்னால் மெட்டி பார்க்கிற அம்மா பார்ப்பாள், நாளைக்கு எங்கள் தெரு முழுக்கத் தெரியும். “சரிட்டி, மணி வச்சதே எடு” என்கிறேன். பிலோமி உடனே எடுக்கவில்லை. ஸ்டடி ஹாலில் எதிர்ப் பெஞ்சிலிருந்து பார்ப்பாளே, அந்தப் பார்வையை இவ்வளவு வருஷம் கழித்து என்மேல் வைத்துவிட்டு, பிறகு பையைத் திறக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருக்கிறது. நடந்து வருகிற வழியெல்லாம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை, மேனேஜர் கதை, முறுக்கு நமுத்துப்போன கதை எல்லாம் சொல்லி வந்தாள், நடுநடுவே இடம் விட்டு விட்டுச் சொன்னாள், அந்த இடத்தில் நான் பேசலாம் என்கிற மாதிரி. நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் போகக் கூடாது. “இப்ப வீட்டுக்கு வந்தா ராத்திரியாயிரும், பிள்ளையப் பாக்க அடுத்த வாரம் வாரேன். ஒளிச்சு வைக்காத என்ன” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏறிப்போய் ஜன்னலோரம் உட்காருகிறாள். ஒளிச்சு வைக்காத. விளையாட்டாகச் சொன்னாளா. கண்டக்டர் வள்ளியூர், வள்ளியூர், நாகர்கோவில் என்று பலகையைத் தட்டுகிறார், பக்கத்து வண்டி ஹாரனை அழுத்தின கையை எடுக்கவே இல்லை, வெள்ளரிக்காய் விற்கிறவன் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தட்டோடு வந்து கத்துகிறான். பிலோமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்கிறாள், காதில் விழவில்லை. அவள் உதட்டைப் பார்க்கிறேன். என்னட்டி உனக்கு, என்கிறாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் அத்தனை இரைச்சல், ஒரு மனுஷருக்கும் ஒன்றும் கேட்காது, ஸ்டடி ஹாலைவிடப் பத்திரமான இடம். என் உதடு தானாக அசைகிறது. பிள்ளைக்குக் காது கேக்கல. தொண்டையிலிருந்து ஒரு நூல் சத்தம் வரவில்லை. இத்தனை நாளாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன், பஸ் ஸ்டாண்டு அப்படியேதான் இருக்கிறது, வெள்ளரிக்காய்க்காரன் மிளகாய்ப்பொடி தூவுகிறான். பிலோமியின் முகம் அப்படியே நிற்கிறது. புரியவில்லையோ என்று மறுபடி சொல்லப் போகிறேன், அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். புரிந்துவிட்டது. முதல் தடவையே புரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்த அவள் விரல்கள் வெளுக்கின்றன. அத்தானுக்குத் தெரியுமா, என்கிறது அவள் உதடு. இல்லை என்கிறேன். டாக்டர்? இல்லை. பிறகு அவள் என்னவோ நீளமாகச் சொல்கிறாள், பாதியில் அவள் உதடு கோணுகிறது, கோணின உதட்டை என்னால் படிக்க முடியவில்லை. விசில். வண்டி நகர்கிறது. அவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, போ என்கிறாள். கோபமாக இல்லை. அப்பாவின் படகு மட்டும் வந்த வருஷம் நான் அவளைச் சாப்பிடப் போகச் சொல்வேனே, அது மாதிரி. போய்ச் சொல்லு. புகை என் முகத்தில் அடிக்கிறது, நான் கையை ஆட்டிக்கொண்டே நிற்கிறேன், ஜன்னல் தெரிகிறவரைக்கும் அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது.

திரும்பும்போது எந்த வழியில் வருகிறேன் என்று பாதி ரோடு தாண்டித்தான் உறைக்கிறது. மதில். மதிலுக்கு நடுவில் கேட்டு, கேட்டுக்குள் வேப்ப மரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக நின்று விளையாடுகிறார்கள். நின்று பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு நின்று பார்க்கிறேன். ஒரு பெண் பிள்ளை, ஆறு வயசு இருக்கும், இன்னொருத்தியின் தோளைத் தட்டி, கையை ஆட்டி ஏதோ சொல்கிறாள். அந்தப் பிள்ளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்கிறாள், போடி போ என்றுதான் இருக்கும், அந்த இடுப்பைப் பார்த்தாலே தெரிகிறது. சண்டை. சாதாரணமான, மகா பெரிய சண்டை. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வருகிறது. பயம் போய்விடவில்லை. பயம் கூடவே நடந்து வருகிறது, கூடையில் கொலுசு ஒவ்வொரு அடிக்கும் சிணுங்குகிறது, நான் நின்றால் நிற்கிறது, நடந்தால் சிணுங்குகிறது. மாதா கோவில் மணி அடிக்கிறது. அந்த மணிக்கு அவர் அவளைத் தூக்கி ஜன்னலில் காட்டுவார், டாண் டாண் பாரு என்று. இன்றைக்கும் காட்டியிருப்பாரா. அவள் எங்கே பார்த்திருப்பாள். என்ன சொல்லித் தொடங்குவது. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாதீங்க. ஏன் கோபப்படப் போகிறார், கோபப்பட்டால் பரவாயில்லையே, அவர் பாடாமல் இருந்துவிட்டால்? எனக்கு அதுதான் பயம். காது, டாக்டர், மிஷின் எல்லாம் அப்புறம். அவர் நாளைக்குப் பாடாமல் இருந்துவிட்டால் அவள் எதில் கன்னத்தை வைப்பாள்? இந்த வாக்கியமும் உதட்டோடு நிற்கிறது, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள், தனியாக வாயசைத்துக்கொண்டு போகிற பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

கேட்டின் கொண்டியை இந்தத் தடவை சத்தமாகப் போடுகிறேன். வேண்டுமென்றே. கொல்லைப்புறத்திலிருந்து, “வந்துட்டியா? இவ அப்பவே முழிச்சிட்டா, ஒரு பாட்டம் அழுதா பாத்துக்கோ, தூக்கி வச்சுப் பாடினப்புறம்தான் அடங்குனா” என்கிறது அவர் குரல். அவள் கூடத்துப் பாயில் உட்கார்ந்து பேப்பரைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள், முதுகு எனக்கு. நான் சுற்றி வந்து அவள் முகத்துக்கு எதிரே உட்காருகிறேன். என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு, பேப்பர் ஒட்டின கை இரண்டும் என் வாய்க்கு வருகிறது. எப்போதும் என் வாயைத்தான் பார்ப்பாள், பாசம் என்று நினைத்திருந்தேன், பாசம்தான், அதோடு வேறும் இருக்கிறது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் கொல்லை நிலைவாசலில் வந்து நிற்பது ஓரக்கண்ணில் தெரிகிறது. “அம்மாவப் பாத்ததும் அப்பாவ மறந்தாச்சா? இப்பப் பாரு” என்று அவர் சிரிக்கிறார், “பூரணீ!” என் கண் தானாக நிலைப்பக்கம் போகப் பார்க்கிறது. பழகின கண். அதைப் பிடித்து அவள் முகத்திலேயே வைக்கிறேன். அவள் என் வாயில் விரலை விட்டுச் சிரிக்கிறாள். “பூரணீ, அப்பா கூப்பிடுதேம்லா!” நான் அசையவில்லை. போகாதே, போகாதே என்று என் கண்ணுக்குச் சொல்கிறேன், இமை நடுங்குகிறது, கண்ணீர் வந்து அவள் முகம் கலங்குகிறது, அப்போதும் எடுக்கவில்லை. அவள் சிரிப்பு லேசாகக் குறைகிறது, என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு விரலைப் பார்க்கிறாள். அவர் அங்கேதான் நிற்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருப்பது அவளை இல்லை, என்னை என்று தெரிகிறது. மூன்றாம் தடவை அவர் கூப்பிட்டபோது குரல் பாதியில் ஒடிந்து, பேரின் கடைசி எழுத்து வரவே இல்லை. “வடிவு” என்கிறார் பிறகு, ரொம்ப மெல்ல. “வாங்க” என்கிறேன், வாய்விட்டு, சத்தமாக. “முன்னால வந்து உக்காருங்க. முன்னால வந்தாத்தான் அவளுக்குத் தெரியும்.”